நாலாவது பெட்டியின் பொட்டு

அத்தியாயம் 6

"கையெழுத்து போட்டா வேலை மட்டும்தான் போகும். போடலைன்னா போலீஸ் வரும். அஞ்சு மணி வரைக்கும் டைம் தரேன்."

அனந்தகிருஷ்ணன் கடிதத்தை மேஜைமேல் தீபாவின் பக்கமாகத் தள்ளினார். மறைமலை நகரில் கார்களுக்கு இரும்புத் தகடு அழுத்தி அனுப்பும் அந்தத் தொழிற்சாலைக்கு அவர்தான் மேனேஜர். செவ்வாய்க்கிழமை அங்கே ஒரு மனிதனின் கை கூழாகியிருக்கிறது. இன்று வியாழன். அவருடைய வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. பார்க்கப் பார்க்க ஜோசலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடிதத்தை அவளே எடுத்துப் படித்தாள். 'நான் நெட்வொர்க்கைச் சரியாக இணைக்காததால் கேமராக்களும் எட்டாம் நம்பர் பிரஸ்ஸின் பாதுகாப்பு சென்சாரும் செயலிழந்தன. அதனால் திரு. துரைராஜ் தன் வலது கையை இழந்தார். முழுப் பொறுப்பும் என்னுடையது.' கீழே தீபாவின் பெயர், கீழ்க்கட்டளை விலாசம், கையெழுத்துக்கு ஒரு கோடு. கோடுகூடப் போட்டு வைத்திருக்கிறான், அடப்பாவி!

"கமா, முற்றுப்புள்ளி எல்லாம் கரெக்டா இருக்கு மேடம்" என்றார் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த வைத்தீஸ்வரன். "ரொம்ப நிதானமா உக்காந்து எழுதியிருக்கார்."

சிட்லபாக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஜோசலினின் துப்பறியும் அலுவலகம். வைத்தீஸ்வரன் அங்கே உதவியாளர். தொலைபேசி இலாகாவில் முப்பத்தாறு வருஷம் கம்பி இழுத்து ஓய்வு பெற்றவர். இலாகா அவருக்கு ஓய்வு கொடுத்ததே தவிர, வாய்க்கு அவர் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. இன்று காலை அழுது வீங்கிய முகத்தோடு மாடியேறி வந்த தீபா, "மேடம், நான் செய்யாத தப்புக்கு என்னை ஜெயில்ல போடப் பாக்கறாங்க" என்று ஆரம்பித்தபோதே மனிதர் கார் சாவியை எடுத்துவிட்டார்.

தீபாவுக்கு இருபத்தாறு வயது. காண்டிராக்டில் நெட்வொர்க் வேலை செய்கிறவள். செவ்வாய்க்கிழமை காலை இங்கே வந்தாள், வேலையை முடித்தாள், பதினொன்றரைக்குக் கிளம்பிவிட்டாள். மத்தியானம் இரண்டு மணிக்கு நெட்வொர்க் படுத்தது, தொழிற்சாலையின் அத்தனை கேமராவும் இருண்டது. இரண்டே முக்காலுக்கு துரைராஜின் கை பிரஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்டது.

"சார், கை உள்ள வந்தா பிரஸ்ஸை நிறுத்தற சென்சாருக்கும் நெட்வொர்க்குக்கும் சம்பந்தமே இல்ல. அது பிரஸ்ஸோட தனி வயர்" என்றாள் தீபா. குரல் நடுங்கியது.

"அதை ஸ்டேஷன்ல போய் சொல்லும்மா. அவங்களுக்கு நல்லா புரியும்." அவர் சிரிக்க வேறு செய்தார்.

ஜோசலின் எழுந்தாள். உட்கார்ந்திருந்தால் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டுக்கு வேறு வேலை கொடுத்திருப்பாள். "கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அவ செஞ்ச வேலையை அவ ஒரு தடவை பாக்கணும். அதுக்குமா பயம் உங்களுக்கு?"

"எனக்கென்ன பயம்? வாங்க, தாராளமா பாருங்க."

அலுவலகத்துக்கு அடுத்த அறையில் குளிர்சாதனம் இரைந்துகொண்டிருந்தது. ஆள் உயர இரும்புச் சட்டத்தில் நான்கு தட்டையான பெட்டிகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. ஒவ்வொன்றின் முகத்திலும் வரிசை வரிசையாகத் துளைகள், துளைகளில் நீல வயர்கள், குட்டிக் குட்டிப் பச்சை விளக்குகள்.

"இதுதான் நெட்வொர்க் ஸ்விட்ச் மேடம்" என்று தீபா விளக்கினாள். "கேமரா, கம்ப்யூட்டர் எல்லாம் இதுல வந்து சேரும். ஒரு பெட்டி பத்தலைன்னா ரெண்டு மூணு பெட்டியைப் பின்பக்கம் தனி கேபிளால கோர்த்துடுவோம். அப்புறம் எல்லாம் சேர்ந்து ஒரே பெட்டி மாதிரிதான். அதுல ஒண்ணு தலை. தலை சொல்றதை மத்ததெல்லாம் அப்படியே கேக்கும்."

"எங்க வீட்லயும் இதே சிஸ்டம்தான்" என்றார் வைத்தீஸ்வரன். "தலை மட்டும் நான் இல்லை."

தீபா சிரிக்கவில்லை. பெட்டிகளை விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். "போன வருஷமே இங்க ரெண்டு இருந்துச்சு. செவ்வாக்கிழமை நான் ஒண்ணு சேர்த்தேன். மொத்தம் மூணு. சார், இந்த நாலாவது எங்கேர்ந்து வந்துச்சு?"

"நல்லா இருக்கே கதை! நீதானே கொண்டு வந்தே?" அனந்தகிருஷ்ணன் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல முன்னால் வந்தார். "இங்க பாருங்க மேடம். போன வாரம் புதன்கிழமை ஆயுத பூஜை. எங்க பேக்டரியில ஃபேன் ரெகுலேட்டரைக்கூட விடாம பொட்டு வெச்சோம். மேல இருக்கிற ரெண்டு பெட்டியிலயும் சந்தனம் குங்குமம் இருக்கா? இருக்கு. கீழ இருக்கிற ரெண்டுலயும் இருக்கா? இல்லை. அப்படின்னா இந்த ரெண்டும் பூஜைக்கு அப்புறம் வெளியிலேர்ந்து வந்தது. அதுக்கப்புறம் இந்த ரூமுக்குள்ள வந்த வெளியாள் இவ ஒருத்திதான். எனக்கும் கொஞ்சம் துப்பறிய வரும்."

சொன்னதில் ஓட்டை தெரியவில்லை. அதுதான் ஜோசலினுக்கு எரிச்சலாக இருந்தது. மேல் இரண்டு பெட்டிகளின் முகத்தில் மிளகு அளவில் காய்ந்த பொட்டுகள். கீழே இருந்த இரண்டும் மொழுக்கென்று இருந்தன.

தீபா அதற்குள் சட்டத்தின் பின்பக்கம் போய்விட்டாள். அங்கிருந்து அவள் குரல் மாறி ஒலித்தது. அழுகை போயிருந்தது.

"மேடம், இங்க வாங்க. இது என் வேலையே இல்ல."

பின்பக்கம் தடித்த கருப்பு கேபிள்கள் பெட்டியிலிருந்து பெட்டிக்கு வளைந்து இறங்கின. முதலிலிருந்து இரண்டாவதுக்கு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு, மூன்றாவதிலிருந்து நாலாவதுக்கு. அங்கே நின்றுவிட்டது.

"கடைசிப் பெட்டியிலேர்ந்து ஒரு கேபிள் திரும்ப முதல் பெட்டிக்குப் போகணும். வட்டம் முடியணும். அப்பதான் ஒரு கேபிள் அறுந்தாலும் இன்னொரு வழியா வேலை நடக்கும். வட்டத்தை மூடாம நான் எந்த ஆபீஸை விட்டும் கிளம்பினதில்ல. மூணாவதிலேர்ந்து முதலுக்கு நான் போட்ட கேபிளைப் பிடுங்கி இந்த நாலாவதுல சொருகியிருக்காங்க."

"பூக்காரி மாலையைக் கட்டிட்டு முடிச்சு போடாம கொடுப்பாளா?" என்றார் வைத்தீஸ்வரன். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு குனிந்தார். "மேடம், மத்த மூணுக்கும் நாலு நாலு ஸ்க்ரூ இருக்கு. இந்தப் புது மாப்பிள்ளைக்கு ஒண்ணுகூட இல்லை. சும்மா தட்டு மேல உக்காந்திருக்கார். முதுகுல நம்பர் ஸ்டிக்கரை வேற உரிச்சிருக்காங்க."

"எதையும் தொடாதீங்க!" அனந்தகிருஷ்ணன் பாய்ந்தார்.

ஜோசலின் ஏற்கெனவே தொட்டுவிட்டாள். நாலாவது பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் இழுத்தாள். அது தட்டின்மேல் சரசரவென்று நழுவி வந்தது. மூன்றாவது பெட்டியின் அடியில் அதுவரை மறைந்திருந்த அதன் மேல்மூடி வெளிச்சத்துக்கு வந்தது.

மூடிமேல் மூன்று பொட்டு. ஒவ்வொன்றும் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு. அடியில் மஞ்சளாகச் சந்தனம், நடுவில் குங்குமம், காய்ந்து வெடித்திருந்தது.

ஜோசலின் பொட்டுகளை விரலால் சுட்டிக் காட்டினாள்.

"சார்" என்றாள் ஜோசலின். "பூஜை அன்னிக்கு இந்த பேக்டரியில இருந்த எதையும் விடாம பொட்டு வெச்சோம்னு சொன்னது யாரு? நானா, நீங்களா?"

அனந்தகிருஷ்ணன் குனிந்து பொட்டுகளைப் பார்த்தார். ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. "வேற ஏதோ கம்பெனி பூஜையில வெச்ச பொட்டா இருக்கும். எங்கேயோ கழிச்சுப் போட்ட பழைய பெட்டியைக் கொண்டாந்து புதுசுன்னு எங்க தலையில கட்டியிருக்கா. ரொம்ப தேங்க்ஸ். அதையும் லெட்டர்ல சேர்த்துடறேன்." கடிகாரத்தைப் பார்த்தார். "நான் தாம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறேன். துரைராஜ் இவமேல கம்ப்ளெயின்ட் தரான். அதுல கைநாட்டு வாங்கிட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போறேன். அஞ்சு மணிக்குள்ள லெட்டர் வந்தா கம்ப்ளெயின்டைக் கிழிச்சுப் போட்டுடுவேன். யோசிச்சுக்கோ."

அவருடைய ஷூ சத்தம் வராந்தாவில் தேய்ந்து போனது. தீபா சுவரில் சாய்ந்து நின்றாள். ஜோசலினுக்கு உள்ளே கொதித்தது. வாயில் பொய், முகத்தில் சிரிப்பு, கையில் அடுத்தவளின் தலையெழுத்து! இப்படி ஒரு ஆளை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட முடியுமா?

"அழறதை அப்புறம் வெச்சுக்கலாம். இதுக்குப் பதில் சொல்லு. நாலாவது பெட்டியைச் சொருகினா கேமரா எல்லாம் ஏன் போகணும்?"

தீபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆன்ல இருக்கிற பெட்டியைக் கொண்டாந்து ஓடிட்டிருக்கிற வரிசையில சொருகினா ரெண்டு தலை ஆயிடும் மேடம். யாருக்கு நாங்க போட்டு வெச்ச நம்பர் பெருசோ அவங்க ஜெயிப்பாங்க. தோத்த பெட்டியெல்லாம் ஒரு தடவை அணைஞ்சு எரிஞ்சு, ஜெயிச்சவன் சொல்றபடி ஆடும். அந்த நம்பர் ஒண்ணுலேர்ந்து பதினஞ்சு வரைக்கும். கடையிலேர்ந்து வர்ற பெட்டியில ஒண்ணுதான் இருக்கும். என்னோட தலைப் பெட்டிக்கு நான் எப்பவும் பதினஞ்சு போட்டுடுவேன். அதுக்கு மேல நம்பரே கிடையாது."

"அப்போ உன் தலையை எவனும் சாய்க்க முடியாது."

"முடியும். சொருகற பெட்டியிலயும் பதினஞ்சு இருந்தா சமம் ஆயிடும். அப்போ பெட்டிக்குள்ள கம்பெனியே எழுதி அனுப்பின பிறப்பு நம்பரைப் பாக்கும். எது சின்னதோ அது ஜெயிக்கும். சாதாரணமா பழைய பெட்டிக்குத்தான் சின்ன நம்பர்."

"பதினஞ்சு போடறது உன் பழக்கம். இந்த பேக்டரியில உன் கையால பதினஞ்சு போட்ட பழைய பெட்டி வேற ஏதாவது இருக்கா?"

தீபா சட்டென்று நிமிர்ந்தாள். "இருக்கு மேடம்! இங்க முதன்முதல்ல தலையா இருந்தது. போன வருஷம் இந்த ரெண்டும் வந்ததும் அதைக் கழட்டி கேண்டீனுக்கு அனுப்பிட்டோம். டோக்கன் மெஷினுக்கும் டிவிக்கும். பதினஞ்சை யாரும் மாத்தல."

"அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் டோக்கனும் டிவியும்தான்" என்றார் வைத்தீஸ்வரன். "தலையானதும் மொத்த பேக்டரியையும் கேண்டீன்னு நினைச்சிருக்கும். கேமராவுக்கு எங்கே போறது?"

கேண்டீனில் மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்திருந்தது. கல்லாவில் முனியம்மா என்ற பெண்மணி பழைய காலண்டர் தாள்களைக் கிழித்து, ஒவ்வொன்றிலும் 'டீ' என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

"டோக்கன் மெஷின் என்ன ஆச்சும்மா?" என்று கேட்டாள் ஜோசலின்.

"செவ்வாக்கெயமைலேர்ந்து வேல செய்யல. எய்தி எய்தி வெரலு பேஜாராவுது. இன்னான்னு கேக்க ஒரு ஆளில்ல."

டிவிக்குப் பக்கத்தில் பலகை ஒன்று காலியாக இருந்தது. எண்ணெய்ப் பிசுக்குக்கு நடுவில் ஒரு பெட்டி அளவுக்குச் சுத்தமான இடம்.

"இங்க இருந்த பெட்டிக்குப் பொட்டு வெச்சது யாரு?"

"நான்தான்! கிரைண்டரு, அடுப்பு, மிச்சினு எல்லாத்துக்கும் நான்தான் வெச்சேன். அது பாட்டுக்கு ராவும் பகலும் மின்னிகினு கீது, அதுக்கு மட்டும் வெக்காம வுட்ருவனா? மூஞ்சில பூரா ஓட்டையா இருந்துச்சு. அதான் தலை மேல நல்லா பெருசா மூணு வெச்சேன்."

தீபா ஜோசலினின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜோசலின் மூச்சை இழுத்துப் பிடித்துக் கேட்டாள். "அதை எடுத்துட்டுப் போனது யாரும்மா? மேனேஜரா?"

"அவரு எங்க இந்தப் பக்கம் வராரு? துரைராஜுதான். செவ்வாக்கெயம சாப்பாட்டுக்கு அப்பால, துண்டுல சுத்திகினு போச்சு. இன்னாய்யா இதுன்னேன். ரிப்பேருக்கான்னுச்சு." முனியம்மாவின் முகம் கோணியது. "போயி ஒரு மணி நேரங்கூட ஆவல. அந்தப் புள்ளயோட கை போச்சுன்னு கத்திகினு ஓடியாராங்க."

கார் கதவைத் திறக்கும்போது வைத்தீஸ்வரன் மெதுவாகச் சொன்னார். "அடிபட்டவனே பண்ணியிருக்கான். இது என்ன கண்றாவி மேடம்?"

கார் ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் பக்கம் பறந்தது. வண்டலூரில் சிக்னல் மறித்தது. மணி நாலேகால். ஜோசலின் முன் ஸீட்டில் விரலை நெரித்துக்கொண்டிருந்தாள்.

"பிரஸ் ஓட்டறவனுக்குத் தலையும் பதினஞ்சும் எப்படித் தெரியும்? யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க. இந்தப் பெட்டியைச் சொருகினா எல்லாம் படுத்துடும்னு அங்க யாருக்குத் தெரியும், தீபா?"

பின் ஸீட்டிலிருந்து தீபா முன்னால் சாய்ந்தாள்.

"அனந்தகிருஷ்ணன் சாருக்கு. போன வருஷம் மாத்தும்போது எலக்ட்ரீஷியன் தெரியாம அதைச் சொருகிட்டார். இருபது நிமிஷம் கேமராவே இல்ல. மும்பை ஹெட் ஆபீஸ்லேர்ந்து போன் மேல போன். அவங்க அங்கேர்ந்தே எல்லா கேமராவையும் பாப்பாங்க மேடம். அப்போ சார்கிட்ட நான்தான் உக்காந்து விளக்கிச் சொன்னேன். இந்தப் பழைய பெட்டியை மட்டும் ஆன்ல வெச்சு இதுகூட சேத்துடாதீங்கன்னு." அவள் குரல் கரகரத்தது. "செய்யாதீங்கன்னு நான் சொன்னதை வெச்சே என்னைக் கவுத்துட்டார்."

"ஹாரன் அடிங்க வைத்தி சார்" என்றாள் ஜோசலின். "அடிச்சுக்கிட்டே இருங்க."

தாம்பரத்தில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி அறைக்குள் அவர்கள் நுழைந்தபோது மணி நாலு நாற்பது. கட்டிலில் துரைராஜ். நாற்பத்தைந்து வயது இருக்கும். வலது கை முழங்கை வரைக்கும் வெள்ளைக் கட்டு, கட்டின் நுனியில் விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு அனந்தகிருஷ்ணன். மடியில் புகார்க் கடிதம், கையில் மை டப்பா.

"வாங்க வாங்க. சாட்சிக்கு ஆள் தேடிட்டிருந்தேன். வலது கையால கையெழுத்து போட முடியாதில்லையா, அதான் இடது கட்டை விரல்." துரைராஜின் விரலைப் பிடித்து மையில் அழுத்தி உருட்டினார், குழந்தைக்கு மருந்து கொடுப்பதுபோல. துரைராஜ் தீபாவைப் பார்க்காமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"முனியம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க, துரைராஜ்" என்றாள் ஜோசலின்.

கட்டில் கிறீச்சிட்டது. அனந்தகிருஷ்ணனின் முகம் ஒரு கணம் வெளுத்தது, உடனே இறுகியது. அவர் குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார். "கேட்டுக்கோ துரை. பெட்டியைத் தூக்கிட்டுப் போனது நீ. இது வெளிய வந்தா உள்ள போறதும் நீதான். அப்புறம் ஆஸ்பத்திரி செலவு உன்னோடது. உன் பொண்ணுக்கு ஆபீஸ்ல வேலைன்னு சொன்னதும் கிடையாது. பேசாம கைநாட்டை வை."

"டேய்!" ஜோசலின் கத்தியே விட்டாள். வராந்தாவில் ஒரு நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். "வேலையில கை போனா செலவும் நஷ்ட ஈடும் கம்பெனி கொடுத்தாகணும், அது சட்டம். உன் பாக்கெட்லேர்ந்து போடற பிச்சையாடா அது?"

துரைராஜின் மை தோய்ந்த விரல் கடிதத்துக்கு மேலே நின்றது. இறங்கவும் இல்லை, விலகவும் இல்லை.

தீபா கட்டிலை ஒட்டி வந்து நின்றாள். அவள் கெஞ்சவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"எந்தக் கையாலண்ணா அந்தக் கேபிளைச் சொருகினீங்க?"

துரைராஜ் திரும்பினான். முதலில் அவளைப் பார்த்தான். பிறகு அந்த வெள்ளைக் கட்டைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இந்தக் கையாலதாம்மா" என்றான். "இந்தாளு போன்ல இருந்துகினு அதைப் புடுங்கு, இதுல சொருவுன்னு சொல்லச் சொல்ல, இந்தக் கையாலதான் சொருவுனேன். அப்பால இவரே வந்து சென்சாரைக் கயட்டி வெச்சாரு. சென்சாரு இருந்தா பிரஸ்ஸு நின்னு நின்னு ஓடும், லாரி லோடு டயத்துக்குப் போவாது, ரெண்டே மணி நேரம்டா துரை, மும்பைக்காரன் கேமரால பாக்க மாட்டான்னாரு. முக்கா மணி நேரங்கூட ஓடல."

"துரை, வாயை மூடு!" அனந்தகிருஷ்ணன் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கடிதத்தின்மேல் அழுத்தப் பார்த்தார்.

இருபது வருஷம் இரும்பைத் தூக்கிய கை அது. ஒரே உதறு. மணிக்கட்டு விடுபட்டது. துரைராஜ் படுத்தபடியே எட்டி, அந்தக் கசங்காத வெள்ளைச் சட்டையின் பாக்கெட்டுக்கு மேலே தன் கட்டை விரலை வைத்து, பலம் கொண்டமட்டும் அழுத்தினான்.

"கைநாட்டு கேட்டீங்களே சார். வெச்சிட்டேன்."

அனந்தகிருஷ்ணன் குனிந்து தன் மார்பைப் பார்த்தார். ரேகை ரேகையாக நீலம். துடைக்கக் கையைக் கொண்டுபோனவரின் மணிக்கட்டை வைத்தீஸ்வரன் பிடித்துக்கொண்டார். "இருக்கட்டும் சார். இன்ஸ்பெக்டர் பாக்கட்டும். நல்ல இங்க்."

அனந்தகிருஷ்ணனின் மடியிலிருந்து நழுவி விழுந்த புகாரையும், தன் பையில் கொண்டுவந்த ஒப்புதல் கடிதத்தையும் தீபா எடுத்தாள். இரண்டையும் சேர்த்து வைத்துக் கிழித்தாள். கிழித்ததை மறுபடியும் கிழித்தாள். அதற்குமேல் கிழிக்க முடியாமல் போன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஜோசலின் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, மறுமுனையில் ஆள் எடுத்ததும் ஸ்பீக்கரைத் தட்டினாள். துரைராஜ் இடது கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டான். அது அவனுக்குப் பழக்கமில்லாத கை. நழுவப் பார்த்ததை மார்போடு அணைத்துப் பிடித்தான்.

"சார், என் பேரு துரைராஜு. மறைமலை நகர்ல பிரஸ்ஸு ஓட்றேன். என் கைய வாங்குனது மிசினு இல்ல சார். இங்கதான் நிக்கிறாரு. எயுதிக்கோங்க."